இன்றைக்குத் துரை கூவவில்லை

ப்ளெஸ்ஸி: ...அதத்தான்க்கா கேக்கறேன். காலையிலேர்ந்து உங்க துரை சத்தமே காணோம். என் கூரை மேல ஏறி நின்னு கூவலன்னா அந்தச் சேவலுக்குப் பொழுதே விடியாதே.

ஷோபனா: என் சேவல் கூவினா உனக்கு இன்னா, கூவலன்னா உனக்கு இன்னா? வேணும்னா நீயும் ஒண்ணு வாங்கி வளத்துக்கோ ப்ளெஸ்ஸி.

ப்ளெஸ்ஸி: வந்ததும் வராததுமா சண்டையா? வேலிகிட்டயே நின்னுகினு பேசாத, உள்ள வா. நெத்தி நெறைய விபூதி... மலைக்கோயிலுக்கா போய்ட்டு வர்ற?

ஷோபனா: செவ்வாய்க்கெழம. போகக்கூடாதா?

ப்ளெஸ்ஸி: போலாம், போலாம். ஆடிக் கிருத்திகைக்குத் துரையத் தூக்கினு போறப்பதான் படியேறுவேன்னு சொன்னியே, அதான் கேட்டேன்.

ஷோபனா: பையனுக்குக் காய்ச்சல் வந்தப்ப, துரைய உசுரோட சாமிக்கு வுடறேன்னு நேந்துகினது. அந்தக் கடன் என்னிக்கு இருந்தாலும் தீக்க வேண்டியதுதான். இன்னிக்கு... சும்மா சாமியப் பாத்துட்டு வந்தேன். நீ கூப்ட்ட விஷயத்த சொல்லு.

ப்ளெஸ்ஸி: என் செவலைக்கோழி அடையிலேர்ந்து எழுந்துட்டாக்கா.

ஷோபனா: ஓ.

ப்ளெஸ்ஸி: ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து பாக்கறேன், முட்டைங்க மட்டும் கூடையில கெடக்குது. இவ கொல்லையில காலாற சுத்தினு இருக்கா. புடிச்சி உக்கார வச்சா எகிறிக் குதிக்கறா. பாதி நாள் தாண்டிடுச்சிக்கா, இன்னும் கொஞ்ச நாள் உக்காந்திருந்தா குஞ்சு பொறிச்சிருப்பா.

ஷோபனா: அய்யோ பாவம்.

ப்ளெஸ்ஸி: சிரிக்கிற மாதிரி இருக்குதே.

ஷோபனா: நான் ஏன் சிரிக்கறேன்? என் கருப்பி அடையே உக்கார மாட்டேங்கறா. முட்டையும் போன மாசம் தெனம் இட்டவ, திடீர்னு நாலஞ்சு நாள் ஒண்ணு கூட இல்ல. துரை மலைக்குப் போய்ட்டான்னா அவன் வம்சம்னு சொல்லிக்க என் கொல்லையில ஒரு குஞ்சு கெடையாது. உன் கொல்லையில மட்டும் கூடை நெறைய. சாமி பாத்துகினுதான் இருந்திருக்கு.

ப்ளெஸ்ஸி: கருப்பி எப்டி உக்காருவா? சித்திரையில நல்லா அடை உக்காந்தவள, முட்டைதான் வேணும்னு அடை தெளிய வச்சது யாரு? இப்ப என் பக்கம் வரக்கூடாதுன்னு பஞ்சாரத்துல போட்டுக் கவுத்து வேற வச்சிருக்க. துரை மூஞ்சியப் பாத்தே அவளுக்கு மூணு வாரம் ஆவுது.

ஷோபனா: வேற இன்னா பண்ணச் சொல்ற? சேவல் உன் பக்கம், கோழியும் உன் பக்கம்... எங்க வூட்டுக்காரரும் தெனம் சாயங்காலம் உன் கொல்லையில.

ப்ளெஸ்ஸி: டில்லி அண்ணன் சேவலப் புடிக்க வர்றாருக்கா.

ஷோபனா: நான் கம்பு எறச்சிக் கூப்ட்டா திரும்பிப் பாக்காத சேவல், நீ ஒரு கொரல் குடுத்தா ஓடியாருது. சேவல் எப்டியோ ஆளும் அப்டி.

ப்ளெஸ்ஸி: அண்ணன் லுங்கிய மடிச்சிக் கட்டிகினு சேவல் பின்னாடி ஓடறதப் பாத்திருக்கியா நீ? அன்னிக்கி எங்க வூட்டுக்காரரு இஸ்ரேல் அரக்கோணத்துலேர்ந்து டூட்டி முடிஞ்சி வந்தவரு, செருப்பக் கூட கழட்டாம நின்னு சிரிச்சாரு. இதுக்குப் போயி...

ஷோபனா: சேவலப் புடிக்கத் தூக்குச்சட்டி எதுக்கு?

ப்ளெஸ்ஸி: ...எந்தத் தூக்கு?

ஷோபனா: எவர்சில்வர் தூக்கு. எங்க வூட்டுது. மூடி போட்டு, மேல துண்டு போட்டு, கைக்கொழந்தையத் தூக்கினு வர்ற மாதிரி வந்தாரு. போன மாசம் என் கண்ணால பாத்தேன். போறப்ப வீசிகினு போறாரு.

ப்ளெஸ்ஸி: அவரையே கேக்க வேண்டியதுதானே?

ஷோபனா: கேட்டேன். தவிடுன்னாரு. உன் கோழிக்கு எங்க வூட்டுத் தவிடா? நான் பண்ணின கொழம்பு உப்புன்றாரு, உரைப்புன்றாரு. உன் வூட்டுக் கோழிக்குத் தவிடு சொமக்கறாரு.

ப்ளெஸ்ஸி: மேல தவிடுதான்க்கா.

ஷோபனா: மேலன்னா? அப்ப கீழ இன்னா?

ப்ளெஸ்ஸி: அத நான் சொல்லக்கூடாது. வாக்கு குடுத்திருக்கேன்... மொதல்ல இந்தக் கோழிக்கு ஒரு வழி சொல்லு.

ஷோபனா: வழி இன்னா வழி. எறகதான் உருவிட்டியே, ரெண்டு நாள் சும்மா வுட்டுப் பாரு. மனசு வந்தா உக்காருவா.

ப்ளெஸ்ஸி: எந்த எறகு? அடையிலேர்ந்து எழுந்துட்டான்னுதானே நான் சொன்னேன். எறகுன்னு சொல்லவே இல்லியேக்கா.

ஷோபனா: பொதுவா சொன்னேன்.

ப்ளெஸ்ஸி: அடை தெளியறதுக்குத் தண்ணியில முக்குவாங்க, கூடையக் கவுப்பாங்க. கோழி மூக்குல எறகு குத்தி வுடறது இந்தத் தெருவுல நீ ஒருத்திதான். கருப்பிக்கும் அததான பண்ண. இவ மூக்குல இருந்தது துரையோட கழுத்து எறகு. உருவறப்பவே எனக்குத் தெரியும். நீயே சொல்லுவியான்னுதான் கூப்ட்டேன்.

ஷோபனா: ஆங், நான்தான் குத்தினேன். இப்ப இன்னா? நீங்க பைபிளத் தூக்கினு தெருமொனை தாண்டினதும் வேலியத் தாண்டி வந்தேன். என் சேவல் குஞ்சுங்க உன் கொல்லையில மேயறத நான் இந்தாண்ட நின்னு எண்ணிகினு இருக்கணுமா? சாமிக்கு வுட்டது போக மிச்சம் எல்லாம் உனக்கா?

ப்ளெஸ்ஸி: கூடைக்குள்ள கைய வுட்டியே, முட்டைங்களப் பாத்தியா?

ஷோபனா: முட்டைன்னா முட்டைதான். அதுல பாக்க இன்னா இருக்குது?

ப்ளெஸ்ஸி: ஒவ்வொண்ணுலயும் கரியால ஒரு கோடு இருக்கும். என் கோழி இட்டதோட கலந்துடக் கூடாதுன்னு போட்டது. உள்ள வச்சது அத்தனையும் கோடு போட்ட முட்டைதான். செவலை இட்டது ஒண்ணு கூட இல்ல.

ஷோபனா: அப்ப யாரோடது?

ப்ளெஸ்ஸி: கருப்பி இட்டது. நீ காணோம்னு தேடின முட்டைங்க. தவிட்டுல பொதச்சி, மேல துண்டு போட்டு, அலுங்காம தூக்கினு வந்தாரு அண்ணன்.

ஷோபனா: ...பொய் சொல்ற.

ப்ளெஸ்ஸி: 'துரை போய்ட்டா அவ ரெண்டு நாள் சோறு திங்க மாட்டா, உன் கோழி கீழ வச்சிக் குடு ப்ளெஸ்ஸி, பொறிச்சதும் குஞ்சுங்களக் கூடையோட அவ மடியில வைக்கறேன்'னாரு. உன்கிட்ட சொன்னா, என் கோழி பொறிக்கற குஞ்சே வேணாம்னு முட்டைய எடுத்துனு போய்டுவியாம். தெனம் சாயங்காலம் வந்து டார்ச் அடிச்சி அடிச்சிப் பாப்பாரு. உள்ள ரத்த நரம்பு தெரிஞ்ச அன்னிக்கி இஸ்ரேலுக்கு டீ வாங்கிக் குடுத்தாருக்கா.

ஷோபனா: இப்ப... வேற கோழி கீழ வச்சா?

ப்ளெஸ்ஸி: ரெண்டு ராத்திரி சில்லுனு கெடந்திருக்குது. நேத்து நானும் அண்ணனும் ஒவ்வொண்ணா டார்ச் அடிச்சிப் பாத்தோம். எதுலயும் அசைவில்ல.

ஷோபனா: அவருக்குத் தெரியுமா... நான்தான்னு?

ப்ளெஸ்ஸி: எறக அவருகிட்ட காட்டல. இந்தா, முந்தானையில முடிஞ்சி வச்சிருக்கேன். எடுத்துனு போய் அடுப்புல போடு. அழாதக்கா. இப்ப இன்னா குடி முழுகிப் போச்சி? கிருத்திகைக்கு இன்னும் நாள் இருக்குது. கருப்பியப் பஞ்சாரத்துலேர்ந்து தொறந்து வுடு, ரெண்டும் ஒண்ணா மேயட்டும். ஒரு கூடைக்கு முட்டை சேந்துடும். கனகம்மாசத்திரத்துல எங்க அத்தை வூட்ல அடைக்கோழி இருக்குது, நான் போய் தூக்கினு வர்றேன். துரை இருக்கற வரைக்கும் நமக்கு இன்னா கவலை? எங்க கட்டி வச்சிருக்க அவன? அவுத்து வுடு, என் கூரைக்கே வரட்டும்.

ஷோபனா: வரமாட்டான் ப்ளெஸ்ஸி... உன் கூரை மேல நின்னு இன்னொரு நாள் கூவறத என்னால கேக்க முடியாதுன்னு, விடியக்காலையிலயே கூடையில போட்டு மூடித் தூக்கினு போய், சாமிக்கு வுட்டுட்டு வந்துட்டேன். நான் கடைசிப் படி எறங்கற வரைக்கும் மேலேர்ந்து கூவிகினே இருந்தான்டி.