தொட்டி பழகும்வரை

புதுத் தொட்டி வாங்கினால் அன்றைக்கே மீன் விடக்கூடாது, ஐயா. முக்கால்வாசிப் பேர் செய்யும் தப்பு அதுதான். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். மீன் ஒவ்வொன்றாக மல்லாந்து மிதக்கும், பிறகு கடைக்காரனைத் திட்டுவார்கள். இதெல்லாம் என் தம்பி சொல்லித் தெரிந்துகொண்டது. மீன் விஷயத்தில் அவன் கெட்டிக்காரன். மற்ற விஷயங்களில்தான் கொஞ்சம் மந்தம்.

நான் நின்றுகொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓரிடத்தில் உட்கார எனக்கு வராது. காலில் சக்கரம் கட்டியவன் என்று மனைவி கேலி செய்வாள். வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பேன், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பேன். வேலையும் அதற்கேற்ற மாதிரி அமைந்துவிட்டது. லிஃப்ட் சோதனை. புது லிஃப்டில் முதலில் மணல் மூட்டைகளை ஏற்றி மேலும் கீழுமாக ஓட்டுவோம். தாங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் ஆளை ஏற்றுவோம். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது, அவ்வளவுதான்.

நீங்கள் ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கும் எங்கள் வீட்டுக்காரர் வயசானவர், சர்க்கரை நோய் உள்ளவர். அவர் தெரிந்து எதுவும் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

குழந்தை பிறந்து மனைவி அவள் அம்மா வீட்டில் இருந்தாள். நாங்கள் அதுவரை குடியிருந்த வீட்டில் சுவரெல்லாம் ஈரம். பச்சைக் குழந்தையை அங்கே கொண்டுவர எனக்கு மனசில்லை. அப்போது கிடைத்ததுதான் இந்த வீடு. இரண்டு அறை, வெயில் விழும் கூடம். ஒரே குறை குளியலறை. கேஸில் எரியும் வெந்நீர் ஹீட்டரை உள்ளேயே மாட்டியிருந்தார்கள். இருந்த ஒரு சன்னலும் பெயிண்ட் அடித்து அடித்து ஒட்டிப்போயிருந்தது. வீடு பார்க்கப் போன அன்று கதவைச் சாத்திக்கொண்டு ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டில் விண்விண் என்று வலி. முழங்கால் தொய்ந்தது. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் முகம் சுளித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். கூப்பிடலாம். நாலு திருகு திருகிவிட்டு, "ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் எரியுது" என்று போய்விடுவான். அவனா அங்கே குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறான்? எனக்கு வந்த தலைவலி வெயிலால்கூட இருக்கலாம். ஒரு தரம் வந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. யாராவது இருந்து பார்க்க வேண்டும்.

தம்பி அப்போது சும்மா இருந்தான். அவன் வேலை பார்த்த மீன் கடையை மூடிவிட்டார்கள். தண்டச்சோறு என்று சொந்தக்காரர்கள் காதுபடச் சொன்னார்கள்; நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரி விட்டவன் நான்.

குழந்தைக்கு ஒரு மீன் தொட்டி வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. "அழுதா மீனைக் காட்டலாம்ணா, சட்டுனு அடங்கிடும்" என்றான்.

"அப்போ புது வீட்லயே வை. நாங்க குடி வர்றதுக்குள்ள ரெடி பண்ணு. அதுவரைக்கும் நீயே அங்க தங்கிக்கோ" என்றேன்.

சாவியை வாங்கிக்கொண்டு, "எனக்கே எனக்கா?" என்றான். சின்னப் பிள்ளை மாதிரிதான் அவன்.

தொட்டியைப் பழக்க இரண்டு வழி உண்டு. எதையும் தாங்கும் மலிவான மீன் நாலைந்தை முதலில் விட்டு, அவற்றின் கழிவைத் தின்னும் நல்ல கிருமிகள் வளரும்வரை பார்ப்பது ஒன்று. பிழைத்தால் உண்டு, போனால் போயிற்று. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"பாவம்ணா. நல்ல மீன் பொழைக்கணும்னு இதுங்கள ஏன் சாகடிக்கணும்? இதுங்களுக்கும் உசுருதானே?"

அவனுடைய வழி மீனே இல்லாதது. வெறும் தண்ணீரில் ஃபில்டரை ஓடவிட்டு, மீன் கழிவுக்குப் பதிலாக அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அதைத் தின்னும் கிருமி மெல்ல வளர்ந்து, அமோனியாவை நைட்ரைட் என்ற இன்னொரு விஷமாக மாற்றும். அப்புறம் அதைத் தின்ன வேறொரு கிருமி வளர வேண்டும். சோதனைக் குழாயில் இரண்டு விஷமும் பூஜ்யம் காட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும் என்றான். நான் தாராளமாகச் சரி என்றேன். தொட்டி எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு நாள் அவன் அங்கே இருப்பான்.

தினமும் ஃபோன் செய்து தண்ணீர் என்ன நிறம் காட்டியது என்று சொல்வான். நான் கேட்டுக்கொண்டு, "குளிச்சியா? வெந்நீர்ல குளி. கதவை நல்லாச் சாத்திக்கோ, சளி பிடிக்கும்" என்பேன். குழந்தையைக் குளிப்பாட்டும்போது மனைவி கதவைத் திறந்தா வைப்பாள்? அதனால்தான். அவன் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவன். நான் சொன்னதற்காக வெந்நீருக்கு மாறினான்.

முதலில் ஒன்றும் இல்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. பிறகு ஒரு நாள், "காலைல தலை வலிக்குதுண்ணா. அமோனியா வாடையா இருக்குமோ?" என்றான்.

"இருக்கும்" என்றேன்.

பாட்டிலை இறுக மூடித் தூரமாக வைத்தான். கூடத்துச் சன்னல்களையெல்லாம் திறந்து போட்டான். குளியலறை அவன் நினைப்புக்கே வரவில்லை. சொன்னேனே, மந்தம். நான் பழைய வீட்டில் நிலைகொள்ளாமல் அலைந்தேன். குளித்துவிட்டு வந்து வாந்தி எடுத்ததாக இன்னொரு நாள் சொன்னான். போதுமே, கூப்பிட்டுக்கொண்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் தலைவலியோடு நிற்குமா, அதற்கு மேலும் போகுமா என்பது இன்னும் தெரியவில்லை. தலைவலியோடு நிற்கும் என்றால் மனைவி சமாளித்துக்கொள்வாள்.

நைட்ரைட் ஏறியிருந்த சமயம் அவன் எனக்கு விளக்கினான். "தண்ணில ஆக்சிஜன் நிறைய இருக்கும்ணா. மீனோட ரத்தத்தால அதை எடுத்துக்க முடியாது. மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடும். பாக்கவே முடியாது." பின்னால் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஹீட்டர் புகையைப் பற்றிச் சொன்னபோது ஏறக்குறைய இதையேதான் சொன்னார்.

கடைசி நாள் காலையில் கூப்பிட்டான். குரலே துள்ளியது. "அண்ணா, ரெண்டும் பூஜ்யம். தொட்டி ரெடி. குளிச்சிட்டு மீன் வாங்கப் போறேன்."

"நிதானமாக் குளி. என்ன அவசரம்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வேலையிடத்திலிருந்து அந்தத் தெருவுக்கு நடந்தே போய்விடலாம். போகவில்லை. மாடிப்படி ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். பாதியில் நிறுத்தினால் அதுவரை அவன் பட்டதெல்லாம் வீண் என்று நினைத்தேன். வேலை முடிந்த பிறகுதான் போனேன். குளியலறைக் கதவை உடைத்தது நான்தான். தண்ணீர் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அவனை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன், ஐயா. அதில் நடிப்பு இல்லை.

வீட்டுக்காரர் பதறிப்போய் மறுவாரமே ஹீட்டரை வெளிச்சுவருக்கு மாற்றி, பெரிய சன்னல் வைத்தார். தடயத்தை அழித்ததாக நீங்கள் சொல்வது அதைத்தான். பயத்தில் செய்தார், ஆனால் சுத்தமான வேலை. கதவைச் சாத்திக்கொண்டு நானே தினமும் குளித்துப் பார்த்தேன். தலைவலி இல்லை. அதன் பிறகு மனைவியையும் மகனையும் கூட்டிவந்தேன். மீனும் வாங்கி விட்டேன். ஒன்றுகூடச் சாகவில்லை.

தெரிந்தே செய்தாயா என்று கேட்டீர்கள். தெரிந்துதான் செய்தேன். அந்தக் குளியலறையில் விஷம் இருக்கிறது என்று முதல் நாளே தெரியும். எவ்வளவு என்பதுதான் தெரியாது. அதற்குத்தான் அவனை அனுப்பினேன். கொலை என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கென்னவோ அந்த வார்த்தை ஒட்டவில்லை. வெறுத்தா செய்தேன்? என் பேச்சை ஒரு நாளும் தட்டாத பிள்ளை.

போன வாரம் மனைவி சொன்னாள், "இவன் ஒத்தையா நிக்கக் கூடாதுங்க. கூட ஒண்ணு வேணும்." நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண் பிள்ளையாகவே பிறக்கட்டும். மனுஷன் என்று ஒருவன் இருந்தால் அவனுக்கு ஒரு தம்பி வேண்டும், ஐயா.