வாட்டுக்குப் போகாத வள்ளம்

வள்ளக்காரர் அதிகம் கதைக்க மாட்டார்கள் என்று சொல்வார்கள், ஐயா. அது பிழை. மூதூரிலிருந்து பட்டணத்துக்குக் குடாவைக் கடக்க, காற்று நல்லாயிருந்தாலும் ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். அவ்வளவு நேரம் இன்னொரு மனிதருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலுமா? எனக்குக் கதை பிடிக்கும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்கிறேன். உங்கள் கான்ஸ்டபிள் ஆறுதலாக எழுதட்டும்.

என் பெயர் ஸெய்னுதீன். வயது நாற்பத்தொன்பது. மெசின் பூட்டிய பாய்வள்ளம் ஒன்று வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக ஆட்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன். இதுவரை ஒருவர்கூட என் வள்ளத்திலிருந்து தவறி விழுந்ததில்லை. அப்போதிக்கரி றஊபை நான் அதில் சேர்ப்பதில்லை. அவர் தவறி விழவில்லை.

உப்புத் தண்ணீரைப் பற்றி முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும். எனக்குப் பதினேழு வயதில் என் காக்காவின், கூடப் பிறந்த மூத்தவரின், தோணி ஈச்சிலம்பற்றுக்கு வெளியே கவிழ்ந்தது. மூன்று நாள் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். நாங்கள் கண்டெடுத்தபோது உயிர் இருந்தது. நாக்கு கறுத்து, வாய்க்கு வெளியே தள்ளியிருந்தது. பலகையை உம்மா என்று கூப்பிட்டார். தாகம் பொறுக்காமல் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டார் என்று கூடப் போனவன் சொன்னான். என் மடியில்தான் மௌத்தானார். மனிதன் தாகத்தால் சாவதில்லை, உப்புத் தண்ணீரால்தான் சாகிறான் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கண்ணால் பார்த்தேன்.

அறுபத்தொன்பதில் என் பெண்சாதி ஸல்ஹாவுக்கு வயிற்றோட்டம் வந்தது. எல்லாரும் சொன்னார்கள் என்று அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனேன். கையில் ஊசியைக் குத்தி, மேலே ஒரு போத்தலைத் தொங்கவிட்டு, குழாயால் என்னவோ ஏற்றினார்கள். அது என்ன என்று தாதியைக் கேட்டேன். “உப்புத் தண்ணிதான், பயப்படாதீங்க” என்றாள். இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள், ஐயா. இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸல்ஹாவின் முகம் தெளிந்து மினுங்கியது. எழும்பி உட்கார்ந்து மகளைக் கேட்டாள். உப்பு ஏறினால் அப்படித்தான் மினுங்கும். மூன்றாம் நாள் விடியற்காலையில் வாட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஊசியைப் பிடுங்கினேன். தண்ணீர்க் கூசாவையும் எடுத்து ஒளித்து வைத்தேன். அடுத்த நாள் பின்னேரம் மௌத்தானாள். நான் பிந்திவிட்டேன். முதல் நாளே பிடுங்கியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்காரர் என்னைத்தான் குறை சொன்னார்கள். அரசாங்கம் எந்தக் காலத்தில் தன் பிழையைத் தானே ஒத்துக்கொண்டது?

பிறகு நானே வைத்தியத்தைத் தேடினேன். வெருகல் பக்கம் ஒரு பரிசாரி இருந்தார். வாந்திபேதிக்கு மிளகும் வேப்பம்பட்டையும் மாதுளம் ஓடும் வறுத்து இடித்துக் கொடுப்பார். முற்றினால் குதிக்காலில் சூடு வைப்பார். நல்ல மனிதர். ஆனால் நாழிகைக்கு ஒரு தரம் கஞ்சித் தண்ணீர் குடிக்கக் கொடுப்பார். அந்த ஒரு இடத்தில் அவர் பிழை விட்டார். ஓட்டை விழுந்த வள்ளத்துக்குள் யாராவது தண்ணீரை ஊற்றுவார்களா? வயிறு காய வேண்டும். காய்ந்தால் ஓட்டம் நிற்கும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

எழுபத்து நாலில் மாரி முடிந்த கையோடு மூதூரில் வாந்திபேதி வந்தது. உங்களுக்கும் நினைவிருக்கும். சுகாதாரக்காரர் வந்து கிணறுகளுக்குள் வெள்ளைத் தூளைக் கொட்டினார்கள். பட்டணத்தில், துறைமுகக் கரையில் வெள்ளைக்காரன் விட்டுப்போன கொட்டகை ஒன்றைத் தனி வாட்டாக்கினார்கள். வருத்தக்காரர் மட்டும்தான் வரலாம், சொந்தக்காரர் கூட வரக் கூடாது, இறந்தால் மையித்தைத் தர மாட்டோம், நாங்களே அடக்குவோம் என்றார்கள். சனம் பயந்தது. வள்ளக்காரரும் பயந்தார்கள். நான் பயப்படவில்லை. அதனால் வருத்தக்காரரை வாட்டுக்குக் கொண்டுபோகிற வேலையை என்னிடம் தந்தார்கள். என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

முதலில் ஏற்றியது ஆலையில் நெல் அவிக்கிற முஹம்மது தம்பியை. குடாவின் நடுவுக்கு வந்ததும் பட்டணத்து வெளிச்சவீடு தெரிந்தது. அங்கே தொங்குகிற போத்தல்கள் என் நினைவுக்கு வந்தன. ஒரு மனிதனைத் தெரிந்துகொண்டே கொலைக்களத்துக்குக் கொண்டுபோக என் மனம் இடம் கொடுக்கவில்லை. வள்ளத்தைத் திருப்பினேன்.

குடாவின் ஓரத்து மலைக்குக் கீழே ஒரு சின்ன மணற்கரை உண்டு. அங்கே வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் கட்டிய சிமெந்து அறை ஒன்று இருக்கிறது. ஜன்னல் இல்லை. குளிர்ச்சியான இடம். அங்கே படுக்க வைத்து, பரிசாரியின் தூளை நாக்கில் தடவி, கம்பியைக் காய்ச்சி இரண்டு குதிக்காலிலும் வைத்தேன். தண்ணீர் கேட்டார். எல்லாரும் கேட்பார்கள். அந்த நேரத்தில் இளகிவிடக் கூடாது. இரண்டாம் நாள் அவருடைய கண் உள்ளே போய்விட்டது. விரல் தோல் சுருங்கிவிட்டது. காய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மௌத்தானார். நான்தான் குளிப்பாட்டி, தொழுவித்து, கிப்லா பார்க்க அடக்கினேன். அரசாங்கம் அதைச் செய்திருக்காது.

வீட்டாரிடம் அவர் மௌத்தாகிவிட்டார் என்றேன். “வாட்டுல என்ன செஞ்சாங்க?” என்று அவருடைய மகன் கேட்டான். “உப்புத் தண்ணி ஏத்துறாங்க, வேற என்ன” என்றேன். அதில் பொய் இல்லை. ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டாவது, கிளிவெட்டியிலிருந்து வந்த பாக்கியரத்தினம் என்ற வயல்காரர். அவரை அவர்களுடைய முறைப்படி எரித்தேன். விறகு போதாமல் பெரிய பாடுபட்டேன். மூன்றாவது, சித்தி பரீதா என்ற பெயருடைய ஒருத்தி. அவள் வெறி பிடித்தவள் மாதிரிச் சுவரை நக்கினாள், அதனால் கையைக் கட்ட வேண்டி வந்தது. ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி என்றபடியால் மெதுவாகத்தான் கட்டினேன். குதிக்காலோடு இரண்டு முழங்காலிலும் சூடு வைத்துப் பார்த்தேன். அவளுடைய சத்தம் இரண்டு நாள் என் காதுக்குள் இருந்தது. நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை, ஐயா.

மூன்று பேர் போய் ஒருவரும் திரும்பாததால் ஊர் கொதித்தது. தடுப்பூசி போட வந்த ஜீப்புக்குக் கல்லெறிந்தார்கள். ஆஸ்பத்திரிச் சிற்றூழியர், ஓடலி ஒருவரை இழுத்து விழுத்தி அடித்ததில் அவருக்கு ஒரு கண் போனது. வருத்தக்காரரைத் தங்கள் வீட்டு அறைகளுக்குள் ஒளித்து வைத்தார்கள். ஒளித்த வீடுகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அது அரசாங்கத்தின் மேல் சனத்துக்கு இருந்த கோபம். நான் தூண்டவில்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

நாலாவது பல்கீஸ். கைம்பெண், பாய் பின்னுகிறவள். அவளைத் திங்கட்கிழமை அறையில் விட்டு, செய்ய வேண்டியதைச் செய்து, கையைக் கட்டி, கதவை அடைத்துவிட்டு வந்தேன். பிறகு இரண்டு நாள் மழையும் காற்றுமாகக் கடல் பொல்லாததாக இருந்தது. போக முடியவில்லை.

வியாழக்கிழமை காலையில் என் மகள் ஜெஸீமா குசினி அடுப்படியில் வாந்திபேதியோடு விழுந்து கிடந்தாள். பத்தொன்பது வயது. ஒரே பிள்ளை. தூக்கிக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடினேன். அங்கே பட்டணத்திலிருந்து வந்திறங்கிய அப்போதிக்கரி றஊப் பையோடு நின்றார். கிண்ணியாப் பொடியன், மெலிந்த ஆள், கண்ணாடி போட்டிருப்பார். வாட்டில் மருந்து கொடுக்கிறவர் அவர்தான். பிள்ளையைப் பார்த்ததும் ஒரு கேள்வியும் கேட்காமல் வள்ளத்துக்குள் ஏறிவிட்டார். துறையில் நின்ற இத்தனை பேருக்கு முன்னால் நான் எப்படி இறங்கச் சொல்வது?

போத்தலைப் பாய்மரத்தில் கட்டினார். வள்ளம் ஆட ஆட, முழங்காலில் நின்று ஊசியை ஏற்றினார். கெட்டிக்காரர், அதைச் சொல்லத்தான் வேண்டும். அரை மணித்தியாலத்தில் ஜெஸீமா கண்ணைத் திறந்தாள். “வாப்பா, தண்ணி” என்றாள். றஊப் தன் போத்தலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார். அவளுடைய முகம் தெளிந்து மினுங்கத் தொடங்கியது. அந்த மினுக்கத்தை நான் ஸல்ஹாவின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் றஊப் மெதுவாகக் கேட்டார். “காக்கா, இதுக்கு முன்னம் நாலு பேரை ஏத்தியிருக்கீங்க. வாட்டுப் புத்தகத்துல மூதூர் ஆக்கள் ஒருத்தரும் இல்ல.”

“எழுத மறந்திருப்பாங்க.”

“நான்தானே எழுதுறனான். முஹம்மது தம்பிட மகன் இண்டைக்கு வந்து, வாப்பாவ எங்க அடக்கினீங்க எண்டு கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியல்ல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்களுக்குத் தெரியுமா, காக்கா?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நானும் கோபப்படவில்லை. மெசினை நிறுத்தினேன். துடுப்பை எடுத்தேன். முதல் அடி தோளில் விழுந்தது. அது என் பிழை, வள்ளம் ஆடிவிட்டது. இரண்டாவது சரியாகத் தலையில் விழுந்தது. அவர் சரிந்து கடலுக்குள் போனார். போத்தலை அவிழ்த்து எறிந்துவிட்டு, பிள்ளையின் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கினேன்.

“வாப்பா, அவர் புடிச்சிக்கிட்டு இருக்கார்” என்றாள் ஜெஸீமா.

உண்மைதான். வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். காதாலும் மூக்காலும் இரத்தம் வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்து, “காக்கா, புள்ளைக்குத் தண்ணிய மட்டும் நிப்பாட்டாதீங்க” என்றார். கடைசி வரைக்கும் அவருடைய படிப்பு அவரை விடவில்லை. விரல்களின் மேல் நாலைந்து அடி அடிக்க வேண்டியிருந்தது.

அந்த மணற்கரைக்கு வந்து அறையைத் திறந்தேன். ஐயா, என் ஆயுளில் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. பல்கீஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஓட்டம் நின்றிருந்தது. கண்ணில் உயிர் இருந்தது. என் வைத்தியம் பலித்துவிட்டது. அவளுடைய கையை அவிழ்த்துவிட்டு, மணலில் தலையை வைத்து ஸுஜூது செய்தேன். இனி மகளைப் பற்றிக் கவலை இல்லை, பல்கீஸுக்குச் செய்ததை அப்படியே செய்தால் போதும் என்று நினைத்தேன்.

அப்படியேதான் செய்தேன். தூள், கம்பி, கட்டு. ஜெஸீமா சூட்டுக்குக் கத்தினாள். பிறகு கத்த முடியாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரு சொட்டுக் குடுங்க காக்கா, அல்லாஹ்வுக்காகக் குடுங்க” என்று பல்கீஸ் என் காலைப் பிடித்தாள். பிழைத்தவளே இப்படிச் சொல்வது எனக்கு வியப்பாக இருந்தது. அவளைத் தள்ளிவிட்டேன். இரவெல்லாம் பிள்ளையின் தலையை மடியில் வைத்திருந்தேன். ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. வெள்ளி ஜும்ஆ நேரம் அவள் மௌத்தானாள். றஊப் ஏற்றிய உப்பு முந்திவிட்டது. அவர் மட்டும் வள்ளத்தில் ஏறாமலிருந்திருந்தால், இன்றைக்கு என் வீட்டில் விளக்கேற்ற ஆள் இருந்திருக்கும்.

பல்கீஸை மூதூருக்குக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான். அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். குற்றம் செய்தவன் என்றால் அவளையும் அந்த மணலிலேயே விட்டிருப்பேன் அல்லவா? ஊரார் அவளைப் பார்க்க வேண்டும், ஊசியும் போத்தலும் இல்லாமல் பிழைத்த ஒருத்தியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் கொண்டுவந்தேன். வழியெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை. இறங்குதுறையில் காலை வைத்த பிறகுதான் கத்தத் தொடங்கினாள்.

றஊபை அடித்தது நான்தான். அதை மறுக்கவில்லை. தூக்கு என்றால் தூக்கு. மற்றவர்களைக் கொன்றதாக எழுதினால் நான் கையெழுத்து வைக்க மாட்டேன். அவர்களுக்கு நான் வைத்தியம் செய்தேன்.

கோட்டில் என் பக்கத்துச் சாட்சியாகப் பல்கீஸைக் கூப்பிடுங்கள். அறையின் கூரை வெடிப்பால் மழை ஒழுகியது, இரண்டு நாளும் அதற்குக் கீழே வாயை வைத்துக்கொண்டு கிடந்தேன் என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாளாம். இருக்கலாம். நான் இல்லாத நேரம் களவாகக் குடித்திருப்பாள். குடிக்காமல் இருந்திருந்தால், இன்னும் ஒரு நாள் முந்தியே எழும்பியிருப்பாள்.