முந்நூறு ரூபாய் கார்டு

பிள்ளையார்பட்டியிலிருந்து காரைக்குடிக்கு வரும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். மூத்தவர் கையில் புதுச் செல்போன்.

"முந்நூறு ரூவா கார்டு மாப்ள. ஒரு மாசமா யார்ட்டயும் பேசல. இப்ப போன் போகவும் மாட்டேங்குது, வரவும் மாட்டேங்குது."

"நாள் முடிஞ்சிருச்சு அத்தான். வேலிடிட்டிம்பாக."

"காசு அப்படியே இருக்குல்ல?"

"உள்ளதான் இருக்கு. நீங்கதான் வெளிய நிக்கிறீக."

"மக மதுரை ஆஸ்பத்திரில இருக்கா. பிள்ளை பொறந்ததும் ஆற அமரப் பேசணும்னுல்ல சேத்து வச்சேன்!"

காரைக்குடியில் நானும் அவர்கள் பின்னாலேயே இறங்கினேன். மூத்தவர் எஸ்.டி.டி. பூத்துக்குள் போய், நான்கு நிமிடத்தில் வெளியே வந்தார்.

"நேத்தே பேரன் பொறந்துட்டானாம் மாப்ள. மூணு தடவ என் செல்லுக்குக் கூப்பிட்டுப் பாத்தாகளாம்."

"விடுங்க அத்தான். கார்டுல பத்துப் பைசா செலவில்லாமத் தாத்தாவாயிட்டீக."