கடைசிக் காட்சி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஓவியம் பார்க்க யாரும் வர மாட்டார்கள் சார். அதனால்தான் சேரப்பணஞ்சேரியில் எங்கள் கலைக்கூடத்து ஹாலில் படம் போட ஆரம்பித்தேன். ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கிற ஹாஸ்டல் பெண்கள் வந்தார்கள். முதலில் ஏசிக்காகத்தான் வந்தார்கள். போகப்போகப் படத்தைப் பார்த்து அழவும் செய்தார்கள்.

ஒரே ஒரு குறை. ஐந்து மணிக்கு ஹாஸ்டல் பஸ். படம் முடியும் முன்பே ஒருத்தி எழுந்தால் வரிசையே எழுந்துவிடும். கதையில் எல்லாம் கெட்டுக் கிடக்கும் நேரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடுவார்கள். அந்தத் துக்கத்தோடு போய் ஷிஃப்ட்டில் நிற்பார்களே என்று எனக்குத் தாங்கவில்லை. ஹால் கதவை வெளியே பூட்டத் தொடங்கினேன்.

"இன்னா சார், பொண்ணுங்கள உள்ள வச்சிப் பூட்டிக்கினு? நல்லால்ல சார்," என்றார் வாட்ச்மேன் யாக்கோபு. நல்ல மனுஷன். பூட்டும் நேரத்தில் அவரை டீ குடிக்க அனுப்பிவிடுவேன்.

முதல் வாரம் பஸ்ஸைத் தவறவிட்டு எல்லோரும் திட்டினார்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் செல்லக்கனி மட்டும் பின்தங்கி நின்று, "முடிவு நல்லாருந்துச்சு சார்," என்றாள். எல்லோருக்கும் சேர்த்து அவள் சம்மதம் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

அது நடந்த ஞாயிற்றுக்கிழமை போட்டது, தொலைந்த மகனைத் தேடும் ஒரு தாயின் படம். தாய் ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டாள். மகன் அங்கேதான் இருந்தான். அப்போது உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்கள்.

"சார், நான் செல்லக்கனி. மூச்சு முட்டுது. என் பை வெளிய இருக்கு, ஆஸ்துமா பஃப்பு அதுலதான் இருக்கு. தொறங்க சார்."

ஹாலுக்குள் பை கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் வழக்கம்.

"முடியப் போவுதும்மா, உட்காரு," என்றேன்.

பிறகு அவளுடைய தோழி பாண்டிச்செல்விதான் தட்டினாள். கத்தினாள். கதவைத் திறந்திருந்தால் அத்தனை பேரும் ஓடியிருப்பார்கள் சார். தாயை மகன் இன்னும் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.

நான் திறந்தபோது செல்லக்கனி தோழியின் மடியில் கிடந்தாள். உதடு நீலமாகியிருந்தது. ஆம்புலன்ஸ் படப்பை தாண்டும் முன்பே உயிர் போய்விட்டது.

பூட்டு சிக்கிக்கொண்டது என்று சொன்னேன். அழுதழுது குரல் போயிருந்த பாண்டிச்செல்வியும் அதை நம்பினாள். பூட்டுக்கு எண்ணெய் போடவில்லை என்று யாக்கோபுவை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் என்னை இந்த போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தது.

பூட்டு சிக்கவில்லை சார். சாவி என் கையில் இருந்தது, அவள் பை என் காலடியில். தட்டுவது நின்றதும், சமாதானமாகிப் படம் பார்க்க உட்கார்ந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.