குரல் சேர்க்காத வீடியோ

காலையில் காபி குடிப்பதற்கு முன் நான் செய்தி படித்துவிடுவேன், மேடம். சினிமாச் செய்தி இல்லை. சமூக வலைத்தளத்தில் வியாபாரப் பக்கம் நடத்துகிறவர்களுக்கு, இந்த வாரம் எந்த மாதிரி ரீல்ஸ் ஓடும் என்று எழுதுவார்கள். வலங்கைமானில் விளையும் எங்கள் மாப்பிள்ளைச் சம்பா அரிசியை விற்க அது தேவைப்பட்டது.

முதலில் அரிசியைத்தான் எடுத்துப் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் அம்சம் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே, "சேரன் இன்னும் கூப்பிடலியே" என்று போனைத் துடைத்துத் துடைத்து வைத்தார். சேரன் என் கணவர், சிங்கப்பூரில் வேலை. நான் அதை வீடியோ எடுத்தது அத்தைக்குத் தெரியாது. பின்னால் எங்கள் அரிசி மூட்டை. போட்டதும் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். சாயங்காலம் அவர் கூப்பிட்டதும் அத்தை சிரித்தார். அதையும் போட்டேன். நாலாயிரத்தைத் தாண்டவில்லை.

அதனால்தான் அத்தையின் போனில் அவர் எண்ணை பிளாக் செய்தேன். ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தேன். "அத்தைக்கு உங்க மேல கோவம், கொஞ்ச நாள் விட்டுப் பிடிங்க" என்றேன் அவரிடம். "எனக்கும் லைன் கிடைக்கல அத்தை" என்றேன் அத்தையிடம். என் பக்கத்தை அவர் கண்ணில் படாமல் மறைத்தேன்.

பத்தாம் நாள் காத்திருப்பு பயமாக மாறியது. பயம் இன்னும் நன்றாக ஓடியது. வாசலில் பைக் நின்றால், கெட்ட செய்திதான் என்று அத்தை எழுந்து ஓடுவார். "எம்புள்ளைக்கு ஏதோ ஆயிருச்சு கவிப்ரியா. எங்கிட்ட மறைக்காதடி" என்று என் கையைப் பிடிப்பார். சோறு இறங்கவில்லை என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். மருமகளாக ஒரு குறையும் வைக்கவில்லை.

"அவங்க அழுவுறதயே எடுக்கிறியே, ஒனக்கு அழுக வராதா?" என்றார் எதிர்வீட்டு பாத்திமா அக்கா.

"யாராவது ஒருத்தர் போனப் பிடிக்கணுமில்லக்கா?"

அக்கா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

பத்தொன்பதாம் நாள், சிங்கப்பூரில் என் கணவரோடு தங்கியிருக்கும் ஃபாஜில் அவருக்கு ரீலைக் காட்டிவிட்டார். "அம்மா ஏன்டி அழுவுது?" என்று என் கணவர் கூப்பிட்டார். "கோவம் போயி ஏக்கமாயிருச்சுங்க. கெளம்பி வாங்க. திடீர்னு வந்து நில்லுங்க" என்றேன்.

அவர் வந்த வெள்ளிக்கிழமை காலைச் செய்தியில், பேசிக் குரல் சேர்க்காதீர்கள், நடக்கும் இடத்தின் சத்தம் மட்டும் இருந்தால்தான் இப்போது அதிகம் பேருக்குப் போகிறது என்று இருந்தது.

அத்தையை நீடாமங்கலம் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். "எதுக்குடி இங்க? என்னடி சொல்லப்போற?" என்று வழியெல்லாம் கேட்டார். என் கணவர் இறங்கப்போகும் பிளாட்பாரத்துக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தினேன். அங்கேதான் முகத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்தது.

ரயில் நகர்ந்ததும் அந்தப் பக்கம் பெட்டியோடு என் கணவர். அத்தை இரண்டு கையையும் நீட்டினார். அப்படியே தண்டவாளத்தில் இறங்கினார்.

நெல் ஏற்றிய சரக்கு ரயில் வருவதை நான் திரையில் முன்பே பார்த்துவிட்டேன். கையை நீட்டியிருந்தால் புடவைத் தலைப்பு கிடைத்திருக்கும். போன் ஆடியிருக்கும். கத்தியிருந்தால் வீடியோவில் என் குரல் விழுந்திருக்கும்.

இப்போது அதில் என் கணவர் "அம்மா" என்று அலறுவது மட்டும்தான் கேட்கிறது.

என்னை மனசாட்சி இல்லாதவள் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள், மேடம். அந்த வீடியோவை நான் இன்னும் போடவில்லை. கருமாதி முடியட்டும் என்று வைத்திருக்கிறேன்.