மூன்றாவது தரம் கூப்பிடும்வரை

இரவு ஒன்பது மணி தாண்டிவிட்டது. நாவுலயிலிருந்து மாத்தளைக்கு இறங்கும் பாதை... கடைசி பஸ் போய்விட்டால் அதில் நாய்கூடப் படுக்காது. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, யுத்த காலம். காவலரணில் நிற்கும் பையன்களுக்கும் பயம், வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் பயம். அந்தப் பாதையில், ஒரு வளைவில், அக்கம்பக்கம் இல்லாமல் தகரக் கூரை போட்ட ஒரு கடை. கதவிடுக்கில் நீல வெளிச்சம்.

மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துங்கள். ஆ... போதும்.

கடைக்காரன் ஸக்கரியா. நம்ம மாத்தளை மக்கீனுடைய மச்சான், அதாவது மக்கீனின் தங்கை உம்மு குல்தூமைக் கட்டியவன். கலியாண வீடியோ நாடாக்களைச் சீடித் தட்டில் ஏற்றிக் கொடுப்பது தொழில். பெயர்ப்பலகையில் மூன்று மொழியிலும் ‘சர்வதேச டிஜிட்டல் மல்டிமீடியா நிலையம்’ என்றிருக்கும். உள்ளே போனால் ஒரு கணினி. அதன் வயிற்றைத் திறந்து வைத்து, சூடேறாமலிருக்க ஒரு மேசை விசிறி. அந்த விசிறிக்கு இறக்கை உடைந்து, சுற்றுக்கு ஒருமுறை ‘டிக்’ என்று தட்டும். சர்வதேசம் அவ்வளவுதான். முதலாளியின் காலில் இறப்பர் செருப்பு. ஒன்றுக்கு நீல வார், மற்றதற்குச் சிவப்பு வார். சிவப்பைக் கம்பியால் கட்டியிருந்தான். நடந்தால் ‘பட்... பட்...’ என்று குதியில் அடிக்கும்.

கணினிக்கு என்ன நோய் வந்தாலும் ஸக்கரியா தாடியைத் தடவி, "கோடெக் பிரச்சின" என்பான். விசிறி நின்றாலும் கோடெக்தான்.

வீடியோவை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அவனுடைய மென்பொருள் இனாமாகக் கிடைத்தது. இனாமென்றால் எந்தக் கோப்பிலும் முதல் பாதியை மட்டும் மாற்றும். மிச்சம் வேண்டுமானால் காசு கட்டச் சொல்லும். இது முதலில் வெளிப்பட்டது தர்மராஜா ஐயாவின் அறுபதாம் கலியாணத்தில். கல்விக் கந்தோரில் பெரிய கதிரையிலிருந்து ஓய்வு பெற்றவர். தன் பிரியாவிடை உரை பதிந்த நாடாவைக் கொண்டுவந்து, "தம்பி, ஒரு சொல்லும் வெட்டுப்படக் கூடாது. இது மாவட்டத்தின்ர சரித்திரம்" என்றார். மண்டபத்தில் பெரிய திரை. ‘ஆகவே நான் இம்மாவட்டத்துக்கு ஆற்றிய...’ என்று திரையில் கையை உயர்த்தியவர் உயர்த்தியபடியே நின்றுவிட்டார். சபை எழுந்து கைதட்டியது. ஐயா அதன்பின் ஸக்கரியாவைக் கண்டால் குடையை விரித்து முகத்தை மறைப்பார். அவருடைய மனைவி சுசீலாதேவி மட்டும் அடுத்த நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கடைக்கு வந்து, "நல்ல காரியம் செய்தனீர், தம்பி" என்றுவிட்டுப் போனார்.

இப்படி ஊருக்குச் சிரிப்பாக இருந்த மனுஷன்தான். இரவில் கடைக்குப் பின்னறையில் தனியே படுப்பான். குல்தூம் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டாவது வருஷம். வெள்ளிக்கிழமைதோறும் கோல் எடுத்தவள்... திடீரென்று நிறுத்திவிட்டாள். ஒரு மாதம். இரண்டு மாதம். நான்கு மாதம். ஏஜென்சிக்காரன் "வரும், வரும்" என்றான். ஸக்கரியா கைத்தொலைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து, நடுநடுவே உயிரோடிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துக்கொள்வான்.

அந்த நேரத்தில் உக்குவளை ஹவ்வா ஊர் வந்தாள். குல்தூமோடு ஒரே வீட்டில் வேலை செய்தவள். சட்டை மடிப்பில் தைத்து ஒளித்துக்கொண்டு வந்த மெமரி கார்டைக் கொடுத்தாள்.

"ஏன்ட ஃபோன்லதான் புடிச்சா. ஃபோன மேடம் பறிச்சிட்டா, இத மட்டும் கழட்டி எடுத்தேன். என்ன பேசினாண்டு தெரியா. குசினிக் கதவப் பூட்டிட்டு தனியத்தான் பேசினா."

"சொகமா ஈக்கிறாளா?"

"நான் வரக்குள்ள ஈந்தா" என்றாள் ஹவ்வா. வரும்போது இருந்தாளாம்; கிடைத்த சேதி அவ்வளவுதான்.

போட்டுப் பார்த்தான். வெள்ளை டைல்ஸ் பதித்த பெரிய குசினி. நடுவில் குல்தூம். மெலிந்திருந்தாள். கமராவைப் பார்த்துப் பேசுகிறாள்... வாய் அசைகிறது. சத்தமில்லை.

இப்போது உண்மையாகவே கோடெக் பிரச்சினை. கைத்தொலைபேசிக் கோப்பில் படம் ஒரு விதமாகவும் சத்தம் வேறு விதமாகவும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். படத்தை விரிக்கக் கணினிக்குத் தெரிந்திருந்தது. சத்தத்தை விரிக்கத் தெரியவில்லை. எத்தனையோ விதமாக மாற்றிப் பார்த்தான். ஒன்றில் கடுகு பொரிந்தது. ஒன்றில் படம் தலைகீழானது, அப்போதும் ஊமை. மற்றவர்களுடைய கலியாணங்களெல்லாம் மேசையில் குவிந்து கிடந்தன. அவன் தன் பெண்சாதியின் வாயைப் பார்த்தபடி, பாண் துண்டைத் தேநீரில் தோய்க்க மறந்து உட்கார்ந்திருந்தான். யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் சர்வதேச நிலையம் யாரிடம் போய்க் கேட்கும்?

கடைசியில் அதே அரைகுறை மென்பொருளின் புதிய பதிப்பு ஒன்று சத்தத்தை விரித்தது.

மழை கேட்டது... தகரக் கூரையில் விழும் மழை. அதற்குள் ‘டிக்... டிக்...’

குவைத்தில் ஏது தகரக் கூரை? ஸக்கரியா எழுந்து மேசை விசிறியை நிறுத்தினான். ஹெட்ஃபோனில் ‘டிக்’ நிற்கவில்லை. ஒலிவாங்கி தவறிப்போய் இந்த அறையைப் பதிந்துவிட்டதோ என்று பார்த்தான். அவனிடம் ஒலிவாங்கியே இல்லை. போன நோன்புக்கு இரவல் கொடுத்தது திரும்பி வரவில்லை. வெளியே அன்று மழையும் இல்லை.

திரையில் குல்தூம் பேசி முடித்து வாயை மூடிக்கொண்டாள். மூடிய பிறகுதான் குரல் கேட்டது, வீட்டில் அவனைக் கூப்பிடும் அதே குரல்.

"இந்தாங்க..."

கொஞ்சம் இடைவெளி.

"இந்தாங்க..."

அதோடு கோப்பு நின்றது. பாதி முடிந்ததாம். மிச்சத்துக்குக் காசு கட்டச் சொல்லித் திரையில் அறிவித்தல் வந்தது.

உங்களுக்கும் தெரியும். இரவில் வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் முதல் தரம் பதில் பேசக் கூடாது. இரண்டாம் தரமும் கூடாது. மூன்றாவது தரம் கூப்பிட்டால் மனிதர். அதுகளுக்கு மூன்றாவது தரம் கூப்பிட வராது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூவரும் அந்த நாட்களில் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். இராணுவம் தட்டினால் மட்டும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

ஸக்கரியாவுக்கு மூன்றாவது தரம் தேவைப்பட்டது. மூன்றாவது தரம் இருந்தால் அவள் உயிரோடிருக்கிறாள். அது அந்தக் கோப்பின் மற்றப் பாதியில் இருந்தது.

கடையைப் பூட்டிவிட்டுக் கண்டிக்குப் போனான். முழுமையான மென்பொருளை, பூட்டுடைத்த தட்டில் வாங்கிக்கொண்டு, கடைசி பஸ்ஸில் வந்து வளைவில் இறங்கினான். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

அன்றிரவு மக்கீனின் ஃபோன் அடித்தது.

"மச்சான், முழுசா வந்திட்டு."

"என்ன செல்றா தங்கச்சி?"

"ரெண்டு தரம் கூப்புடுறா. பொறகு... என்ட கொரல் ஈக்குது மச்சான் அதில. நான் பேசாத பேச்சு."

"என்ன பேசுற?"

"வாறேன்டு செல்றேன். கதவுத் தாப்பாள் தொறக்குற சத்தம். பொறகு என்ட செருப்பு."

மக்கீன் வியாபாரி. நடைமுறையாக யோசிப்பவன். "நீ அப்பிடிச் செல்லல்ல தானே?"

"செல்லல்ல."

"அப்ப செல்லாம இரி. மூடிட்டுப் படு."

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. ஃபோன் வழியாக மக்கீனுக்குக் கேட்டது... ‘டிக்... டிக்...’ மெதுவாகி, நின்றது. பிறகு வெறும் மழை.

"மச்சான்" என்றான் ஸக்கரியா. குரல் இறங்கிப் போயிருந்தது. "குளோரின் மணக்குது. குசினி கழுவுற மணம்."

"வெளக்கக் கொளுத்து."

"வெளியில கூப்புடுறா."

"எத்தின தரம்?"

"ஒரு தரம்."

"வாயத் தொறக்காத. அல்லாக்காக வாயத் தொறக்காத."

மழைக்கு நடுவே இந்தமுறை மக்கீனுக்கே கேட்டது. பக்கத்து வீட்டைக் கூட எழுப்பாமல் கூப்பிடும் குரல். கூடப் பிறந்தவளின் குரல்.

"இந்தாங்க..."

"ரெண்டு" என்றான் ஸக்கரியா.

"மூணாவது தரம் கூப்புட்டா போ. நானே செல்றேன், போ. அதுக்குள்ள அசையாத."

காத்திருந்தார்கள். மாத்தளையில் ஒருவன், நாவுலப் பாதையில் ஒருவன், இருட்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு. மழை... மழை...

"கூப்புடல்ல மச்சான்."

"அப்ப அது அவ இல்ல. விளங்குதா? அவ இல்ல."

"போயிடுவாளே" என்றான் ஸக்கரியா. அழுகிறானா என்று தெரியவில்லை. "நாலு மாசம் மச்சான். பதில் பேசாட்டி போயிடுவாளே."

அதன்பிறகு சொன்னது மக்கீனுக்கல்ல.

"வாறேன்."

தாழ்ப்பாள். பிறகு... பட். பட். பட். வாசலில் மழையில் ஊறிய மண். ஆனால் மக்கீன் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவான்: அது மண்ணில் நடக்கும் சத்தம் இல்லை. வழுவழுப்பான தரையில், பெரிய வெற்று அறையில் நடக்கும் சத்தம். தூரத் தூரப் போய்... இணைப்பு அறுந்தது.

இரவில் அந்தப் பாதையில் வாகனம் எடுக்க யாருக்கும் துணிவில்லை. மக்கீன் முதல் பஸ்ஸில் போனான். கதவு திறந்து கிடந்தது. குடை ஆணியில் தொங்கியது. ஃபோன் மேசையில். ஆளில்லை. செருப்பில்லை. வாசல் சேற்றில் ஒரு காலடி கூட இல்லை. குளோரின் மணம் மட்டும் லேசாக இருந்தது.

பொலிஸுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் ஆள் காணாமற்போனால் விளக்கம் ஏற்கெனவே தயார். "யாராவது கூட்டிட்டுப் போயிருப்பாங்க, விசாரிக்காம இருக்கிறது நல்லம்" என்று சொல்லி முடித்தார்கள். தர்மராஜா ஐயா வந்து, நாட்டு நிலைமைபற்றி வாசலில் நின்று நீண்ட உரை ஒன்று நிகழ்த்தினார். வெட்டுவதற்கு ஆளில்லை.

இரண்டு மாதம் கழித்து உம்மு குல்தூம் வந்து இறங்கினாள். ஆமாம், உயிரோடு. ஹவ்வாவின் ஃபோனோடு இவளுடையதும் போயிற்று. சம்பளத்தையும் பாஸ்போட்டையும் வைத்துக்கொண்டு மேடம் வெளியே விடவில்லை. அவ்வளவுதான். செத்துப்போன கதையெல்லாம் இல்லை.

நடந்ததை மக்கீன் சொன்னான். மாற்றிய கோப்பைப் போட்டுக் காட்டினான். மழை, விசிறி, இரண்டு கூப்பாடு, வாறேன், தாழ்ப்பாள், செருப்பு. அவள் அழாமல் கேட்டாள்.

"நான் பேசினது ஒண்டும் இதில இல்லியே" என்றாள். "கூர ஒழுகுறத அடைச்சீங்களாண்டு கேட்டேன். பசியில ஈக்க வாணாமுண்டு செல்லி ஈந்தேன்."

"அப்ப அந்தக் கூப்பாடு?"

குல்தூம் கோப்பை நிறுத்திவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"ராவைக்கு குசினியக் கழுவிட்டு, தனிய ஈக்கக்குள்ள, சும்மா கூப்புட்டுப் பாப்பேன், நானா. அவரு அடுத்த அறையில ஈக்கிற மாதிரி. ரெண்டு தரம். அதுக்கு மேல கூப்புட மாட்டேன்."

"ஏன்?"

"மூணாவது தரம் கூப்புட்டா, ஆராவது வந்திடுமோண்டு பயம்."

பிறகு ஊமையாகவே இருந்தாலும் பரவாயில்லை, அசலைப் பார்க்க வேண்டும் என்றாள். மெமரி கார்டு ஹவ்வா கொடுத்த நாளிலிருந்து பூட்டிய மேசை லாச்சியில் இருந்தது, மாற்றியதெல்லாம் நகலில்தான். மக்கீன் எடுத்துப் போட்டான். வெள்ளைக் குசினி. குல்தூம் பேசுகிறாள். சத்தமில்லை.

அவள் விரல் திரையின் ஓரத்தைத் தொட்டது. பூட்டிய குசினிக் கதவுக்கு உட்புறம், டைல்ஸ் தரையில், ஒரு சோடி இறப்பர் செருப்பு. ஒன்றுக்கு நீல வார். மற்றதற்குச் சிவப்பு, கம்பியால் கட்டியது.

சுற்றிலும் தரை நனைந்திருந்தது.