பதினெட்டுக் கம்பி

முதலில் அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறையுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கணக்குத் தாள்கள் பறக்கின்றன.

சிந்துஜாவின் கணக்கில் பிழை இல்லை. முதல் தடவை அவள் போட்டதைச் சொல்கிறேன். குண்டசாலையில் ஒரு மண்டபத்துக்குக் குவிமாடக் கூரை. முப்பது மீற்றர் அகலம், கனம் நான்கே அங்குலம். இவ்வளவு மெல்லிய ஓட்டில் செவ்வன் தகைப்பு, அதாவது ஓட்டை நேராக அமுக்கும் அல்லது இழுக்கும் தகைப்பு, கனம் முழுவதும் ஒரே அளவு என்று எடுத்துக்கொள்ளலாம். உச்சியில் அமுக்கம், கொங்கிறீற் தாங்கும். அடி விளிம்போ வெளியே விரியப் பார்க்கும். அதை ஒரு வளையம் சுற்றி இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்த வளையத்துக்குப் பதினெட்டுக் கம்பி என்று எழுதியிருந்தாள். அது சரி.

நான் அவளுடைய மேலதிகாரி. சரிபார்ப்பது என் வேலை. பிழை என்று திருப்பி அனுப்பினேன்.

ஏன் என்று கேட்டீர்கள். ஜனவரியில் பல்லேகலையில் ஒரு கூட்டம். திரையில் என் கணக்கைப் பார்த்துவிட்டு, “சேர், விட்டத்தப் போய் ஆரைன்னு எடுத்துட்டீங்க போல,” என்றாள். பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தாள்.

“ரெண்டு தரம் போட்டுப் பார்த்தேன் சேர், பதினெட்டுதான் வருது,” என்று, நான் திருப்பி அனுப்பிய குவிமாடக் கணக்கோடு வந்து நின்றாள்.

“தூண் தாங்குறத விட்டுட்டீங்களே மிஸ். கெம்பஸ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?”

அந்த ஒல்லித் தூண்கள் பக்கவாட்டு உதைப்பைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். மறுபடியும் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் தடவை, கண் சிவந்து, ஆறு கம்பி என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்தாள். பாராட்டினேன்.

மேசன் வேலைக்குப் பொறுப்பான, திகன ஊர் பஹீம் பாஸ்தான் முகம் சுளித்தார். “ஆறு கம்பி காணாதே சேர். என்ட கேட் தூணுக்கே இதவிட கூட போட்டீக்கி.”

“மிஸ்ஸோட கணக்கு பாஸ். நீங்க சீமெந்தப் பாருங்க.”

கொங்கிறீற் இறுகும்வரை கூரையைத் தாங்கிய முட்டுகளைக் கழற்றும் நாளில் கணக்குப் போட்டவர் கூரையின் கீழ் நிற்பது எங்கள் அலுவலக வழக்கம். அதை அவளுக்கு நினைவூட்டினேன். நடுவிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து, விளிம்போரக் கடைசி முட்டுகளை மட்டும் கயிறு கட்டி வெளியிலிருந்து இழுக்கச் சொன்னேன். வேலையாட்களுக்குக் குடும்பம் இருக்கிறது.

“மிஸ், வெளிய வாங்க,” என்று பஹீம் கூப்பிட்டார்.

“என் கணக்கு பாஸ். நானே ஓடினா நீங்க சிரிக்க மாட்டீங்களா?”

நான் தெருவுக்கு அப்பால் நின்றேன். நான்காவது முட்டு விழுந்ததும் கூரை விழும் என்று கணித்திருந்தேன். ஐந்தாவதில் விழுந்தது.

ஆமாம், திட்டமிட்டுக் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மூன்றாம் தடவையும் அவள் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன். நான் பிடிவாதக்காரன் அல்ல.